வீடு ஓசூரில், வைத்தியம் எல்லைக்கு அப்பால்

1

ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. விசா, அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம் என்று இங்கே வாழ்வதற்கு வேண்டிய எல்லாத் தாள்களும் அங்கேதான் பிறக்கின்றன. போன வாரம் என் விசாவைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்டினால்தான் விசா கிடைக்கும். கணவருக்கு அவர் கடைசல் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எனக்கும் மகளுக்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும்.

இந்த முறை என் பெயருக்கு எதிரே இருந்த தொகையைப் பார்த்துக் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நான் ஒரு வயதுக் கோட்டைத் தாண்டிவிட்டேனாம். கவுண்டரில் இருந்த மலையாளிப் பையன் பணிவாகத்தான் விளக்கினான். "சேச்சிக்கு ஒன்னும் இல்ல, ஏஜ் மட்டும்தான் பிரச்சனை" என்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என் வயதைத் தெரிந்துகொண்டார்கள். எனக்குப் பொது இடத்தில் பேச வராது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

படி இறங்கும்போதுதான் நினைவு வந்தது. இது என் தம்பி மாதேஷின் காப்பீடும் புதுப்பிக்கவேண்டிய மாதம். சென்ற ஆண்டு இதே மாதத்தில்தான், அவன் வலது காலைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்று நாங்கள் இரண்டு நாட்டில் இருந்துகொண்டு போனைப் பார்த்தபடி இருந்தோம். முடியவில்லை.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் யாருக்காவது பயன்படலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். காப்பீட்டுச் சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது மட்டும்தான் தெரியும்.

2

மாதேஷ் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை பார்த்தான். பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் அடித்துக் கொடுக்கும் இடம். பழுக்கக் காய்ந்த இரும்பைச் சுத்தியல் எந்திரத்துக்கு அடியில் வைத்து எடுக்கிற வேலை. இருபத்திரண்டு வயதில் போனவன், அந்தச் சத்தத்திலேயே காது கொஞ்சம் மந்தமாகி, போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவான். என் மகள் நிவேதா சின்ன வயதில், மாமா ஏன் நம்மைத் திட்டுகிறார் என்று கேட்டிருக்கிறாள்.

அப்போதெல்லாம் அவனுக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், குடும்பத்துக்கே வைத்தியம் நடக்கும். அவன் மனைவி ரூபாவுக்கு இரண்டு பிரசவமும் அதில்தான். மருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், பெரிய வைத்தியம் என்றால் இங்கே போ அங்கே போ என்று அலைய வேண்டும் என்று குறை சொல்வான். ஆனாலும் பர்ஸில் அந்த அட்டை இருக்கிற தைரியம் இருந்தது.

பிறகு அவனை ஷிப்டு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் ஏறியது. எனக்குப் போன் செய்து, ரூபா கேசரி கிளறுகிறாள் என்று சொன்னான். சில மாதம் கழித்து அட்டை செல்லாது என்றார்கள். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை. அந்த வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தான். அவனோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாராம். எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். மாதேஷும் கேலி செய்தான்.

சின்னக் கம்பெனி என்பதால் அவர்களே காப்பீடு எடுத்துக் கொடுக்கவில்லை. வெளியில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் அவனுக்கு நாற்பது தாண்டி, சர்க்கரையும் வந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் மூன்றாவது கதவு நாகராஜ், காப்பீட்டு ஏஜென்ட். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், தொழிலுக்குத் தமிழ் என்று இருப்பவர். நல்ல மனிதர். சர்க்கரையை மறைக்காதே, மறைத்தால் பின்னால் ஒரு பைசா தரமாட்டார்கள் என்று முதலிலேயே சொன்னவர் அவர்தான். உள்ளதை எழுதினார்கள். தொகை மேலே போனது.

வயது ஒரு காரணம், வியாதி ஒரு காரணம், ஆஸ்பத்திரிக் கட்டணம் வருஷா வருஷம் ஏறுவது ஒரு காரணம் என்று நாகராஜ் விளக்கினார். குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே பாலிசி எடுத்தால், இருப்பவர்களில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் எல்லாருக்கும் விலை போடுவார்களாம். அந்த வீட்டில் மூத்தவன் மாதேஷ். அவனால்தான் பிள்ளைகளுக்கும் விலை ஏறியது என்று ரூபா சிரிப்பாகச் சொன்னாளாம்.

கொறைக்க வழி இல்லையா என்று இவன் கேட்டிருக்கிறான். ஒரு வழி இருந்தது. நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெங்களூர் மாதிரிப் பெரிய நகரம் மேல் மண்டலம், விலை அதிகம். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் கீழ் மண்டலம், விலை குறைவு. நீங்கள் எந்த மண்டலம் என்று கேட்டபோது மாதேஷ், வீடு ஓசூரில்தானே இருக்கிறது, ஓசூரே போடுங்கள் என்றான். மேல் மண்டலத்தில் வைத்தியம் பார்த்தால் ஒரு பங்கு கையிலிருந்து கட்டவேண்டி வரும் என்று நாகராஜ் சொல்லவும் செய்தார். அதை ஓசூர்க்காரன் காதில் வாங்கியிருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெங்களூர் என்பது வேறு ஊர் இல்லை. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. பெயர்ப்பலகையில் எழுத்து மாறும், அவ்வளவுதான். காலையில் பாதி ஓசூர் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறது, அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். கல்யாணப் புடவை அங்கே, பிள்ளைகளின் காலேஜ் அங்கே. கொஞ்சம் பெரிய நோவு என்றால் யாரும் யோசிக்காமல் வண்டியை அந்தப் பக்கம்தான் திருப்புவார்கள். எல்லை தாண்டுகிறோம் என்ற நினைப்பே இருக்காது. அதனால் எந்த மண்டலம் என்று கேட்டதற்கு வீடு இருக்கும் ஊரைச் சொன்னான். வைத்தியத்துக்கு எங்கே போவோம் என்று யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி அது.

"கொறச்சுட்டன்க்கா" என்று எனக்குப் போனில் கத்தினான். "நம்ம ஊர்ல இருக்கறதுக்கு இப்பிடி ஒரு லாபம் இருக்குதுன்னு இத்தன நாள் தெரியல பாரு."

நானும் சந்தோஷப்பட்டேன். இங்கே கீழ் வீட்டு ராமநாதபுரத்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

3

இங்கே எங்கள் காப்பீடு எப்படி என்றால், இருப்பதிலேயே மலிவானது. அதில் எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பக்கத்துத் தெருவில் நல்ல கிளினிக் இருக்கிறது, அதில் நம் அட்டை எடுக்காது. இரண்டு பஸ் மாறித் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வந்த புதிதில் ஒருமுறை அங்கே தனியாகப் போனேன். தலை சுற்றுகிறது என்பதை இந்தியில் சொல்லத் தெரியாமல், கையைத் தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் மேலே திரும்பிப் பார்த்து, மின்விசிறி வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிவேதா வளர்ந்த பிறகு அவள்தான் எனக்கு வாய். கவுண்டரில் ஆங்கிலம், நர்ஸிடம் மலையாளம், டாக்ஸியில் இந்தி. என்னிடம் தமிழ். அந்தத் தமிழிலும் ஓசூர் கிடையாது, டிவித் தமிழ். மாதேஷ் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரியும். அவன் "என்னாம்மே, நல்லாக்கீறியா" என்று கேட்டால் "ஃபைன் மாமா" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டுவாள். அவன் அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல், அவளுக்குக் கூச்சம் என்று எனக்குச் சமாதானம் சொல்லுவான். கூச்சம் எனக்குத்தான். அவளுக்கு அது ஒரு துளியும் இல்லை.

4

சென்ற ஆண்டு மாதேஷின் வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். ஃபோர்ஜிங்கில் இரும்புக் கவசம் வைத்த சேஃப்டி ஷூ போட்டே ஆக வேண்டும். புது ஷூ கடித்திருக்கிறது. சர்க்கரை இருந்ததால் வலி தெரியவில்லை. சாக்ஸில் ஈரம் பார்த்து ரூபாதான் கண்டுபிடித்தாள்.

ஓசூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். ஆறவில்லை. விரல் நிறம் மாறியது. காலுக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைத் திறக்க வேண்டும், பெங்களூருக்கு உடனே போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அன்றே ரூபாவும் அவனும் எல்லை தாண்டி ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்து, இன்றே சேருங்கள், விரலோடு போகும், காலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னார். இது ரூபா என்னிடம் பலமுறை சொன்ன வார்த்தை.

சேர்ப்பதற்கு முன் காப்பீட்டு மேஜைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் கன்னடத்தில் கேட்க, இவன் கன்னடத்திலேயே பதில் சொல்லி, எல்லாம் சுமுகமாகத்தான் போயிருக்கிறது. பிறகு அவள் கணினியைப் பார்த்து, உங்களுடையது கீழ் மண்டலம், இங்கே பார்த்தால் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு நீங்கள் கட்ட வேண்டும் என்றாள். உத்தேசமாகச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். அந்த ஐந்தில் ஒரு பங்கும் இவர்களிடம் இல்லை.

மாதேஷ் சண்டை போடவில்லை. "நாளைக்கு வந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் போகவில்லை. நம் மண்டலத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம், அங்கே முழுசும் வரும் என்று முடிவெடுத்துவிட்டான். மாதாமாதம் மிச்சம் பிடித்து எடுத்த பாலிசி, அதை முழுசாக வாங்காமல் விடுவதா என்று அவனுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது என்றாள் ரூபா. கிருஷ்ணகிரியில் ஓரிடம் கேட்டார்கள், அந்த வைத்தியம் அங்கே இல்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தது, ஆனால் ரத்தக்குழாய் டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் முந்தின நாளோடு போயிருந்தது. படுக்கையில் சேர்த்து, மருந்து ஏற்றிக்கொண்டு, டாக்டருக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த நாட்களில் அவன் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தான். கால் புண், டாக்டர் வந்தால் காலைக் காப்பாற்றிவிடுவார் என்றான். மண்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணவரின் ஒர்க்‌ஷாப்பில் கேட்டாவது பணம் அனுப்பியிருப்போம். குறைத்துவிட்டேன் என்று கத்திச் சொன்னவனால் அதைச் சொல்ல முடியவில்லை. நான் அவன் அக்கா. எங்கள் வீட்டில் யாருக்கும் உதவி கேட்க வராது.

டாக்டர் வந்து பார்த்தபோது கருப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

காலை எடுத்த செலவு முழுவதும் காப்பீட்டில் வந்தது. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரூபா எனக்கு எல்லாம் சொன்னாள். நான் அழுதுகொண்டே நிவேதாவிடம் சொன்னேன். அவள் மாமாவின் பாலிசியை ரூபாவிடம் கேட்டு வாங்கி லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். "அம்மா, இது இங்கயே க்ளியரா போட்டிருக்கே. யாரும் படிக்கலையா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ஒரு பக்கத்தில் இருக்கிற வரி. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து போய்ச் சமையல்கட்டில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, மாமாவுக்கு எந்தக் கால் என்று கேட்டாள். வலது என்றேன். மாமா பைக் ஓட்டுவார் இல்லையா என்றாள். ஆமாம் என்றேன்.

5

இந்த ஒரு வருடத்தில் நாகராஜிடமும் நிவேதாவிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாதி வருவதற்கு முன்னால், வயது குறைவாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள். கம்பெனி அட்டை இருக்கிறதே என்று இருக்காதீர்கள், அது கம்பெனியோடு போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். வயதான அப்பா அம்மாவை உங்கள் பாலிசியில் சேர்த்தால் எல்லாருக்கும் விலை ஏறும், அவர்களுக்குத் தனியாகப் பாருங்கள். சின்னச் செலவை நாமே பார்த்துக்கொள்கிறோம், இந்தத் தொகைக்கு மேலே போனால் மட்டும் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் நன்றாகவே குறையும். அடிப்படைப் பாலிசி சின்னதாக எடுத்து, அதற்கு மேலே டாப்-அப் என்று ஒன்று போட்டுக்கொள்ளலாம், அதன் விலை குறைவு. அரசாங்கம் கொடுக்கும் காப்பீட்டு அட்டைக்கு உங்கள் குடும்பம் தகுதியா என்று விசாரித்துவிடுங்கள், அதற்கு வெட்கப்படாதீர்கள். இப்போது தனி ஆட்கள் எடுக்கும் பாலிசிக்கு வரியை எடுத்துவிட்டார்கள். அது கொஞ்சம் உதவி. ஆனால் அடுத்த வயதுப் படி வந்ததும் அந்தக் குறைச்சலைத் தின்றுவிடுகிறது.

மண்டலத்தில் மட்டும் குறைக்காதீர்கள். ஓசூர்க்காரர்களுக்குத்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் ஊரை மறந்துவிடுங்கள். நெஞ்சு வலித்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவீர்கள், அந்த ஊரைச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதேஷ் வீட்டில் நாகராஜ் வந்து உட்கார்ந்திருந்தார். வீடியோ காலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதேஷ் இப்போது அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்து கருவி எடுத்துக் கொடுக்கிறான். சத்தம் இல்லாத இடம். ஆனாலும் கத்தித்தான் பேசுகிறான்.

இந்த முறை மேல் மண்டலமே போட வேண்டும் என்று ரூபா சொன்னாள். நாகராஜ் தொகையைச் சொன்னார். நான் பாதி கட்டுகிறேன் என்றேன். மாதேஷ் அது வேண்டாம் என்றான். பிறகு, தனக்கு ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னான். அவன் முகம் குறைத்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்ததாக எனக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். ஆனாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நாகராஜண்ணா, என் பேர எடுத்துடுங்க. மூத்த வயசு வச்சுதான ரேட்டு போடறீங்க? நான் போயிட்டா இவ வயசுதான் மூத்தது. அப்ப பெங்களூர் போட்டாலும் கட்டுப்படியாவும்."

நாகராஜ் கணக்குப் போடும் கையை நிறுத்திவிட்டார். கணக்கு சரிதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரூபா சத்தம் போடவில்லை. "நாலு பேர் இல்லன்னா எனக்கும் வேணாம்ண்ணா, கெளம்புங்க" என்றாள் நாகராஜிடம்.

"அட, எனக்கு எதுக்குடி? கட்டறதுக்கு இனி என்ன இருக்குது என்கிட்ட?"

"இன்னொரு கால் இருக்குது இல்ல. அதுக்குக் கட்டறன்."

மாதேஷ் பெரிதாகச் சிரித்தான். நாகராஜ் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார். ரூபா சிரிக்கவில்லை. கடைசியில் நாலு பேருக்கும், மேல் மண்டலம், ஒரு பெரிய தொகை வரை வரும் செலவு தங்கள் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டு முடித்தார்கள். அந்தத் தொகைக்கு இப்போதிலிருந்தே நான் மாதாமாதம் ரூபா பெயரில் போட்டுவைப்பேன் என்று அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். போனை வைத்தோம்.

வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். வயது, மண்டலம், பங்கு, வரி, டாப்-அப் என்று எல்லாம் பேசினோம். செயற்கைக் கால் உறுத்துகிறதா, ராத்திரி தூங்குகிறானா, மீதம் இருக்கும் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த வருடம் முழுவதுமே நாங்கள் அப்படித்தான் பேசிவந்திருக்கிறோம். காப்பீட்டைப் பற்றிப் பேசினால் காலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

திரும்ப அழைத்தேன். ரூபா எடுத்தாள்.

"அவரு கால கழட்டி வச்சுட்டு ஒக்காந்துக்கீறாரு, அண்ணி. ஏதாவது விட்டுப்போச்சா?"

ஆமாம் என்றேன். அவனிடம் கொடு என்றேன்.